மூச்சை எண்ணக் கற்பிப்பவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செவிலியர், இருபது வருட அனுபவம். இப்போது கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். அதற்காக எங்களுக்கு ஐந்து நாள் பயிற்சி நடந்தது. ஐந்து நாளும் ஸ்லைடுதான் ஓடியது. "பங்கேற்பு முறையில் கற்பியுங்கள்" என்பதும் ஒரு ஸ்லைடில்தான் வந்தது. பாடம் தெரிந்தவருக்குக் கற்பிப்பதில் தனிப் பயிற்சி தேவையா?

— ஒரு செவிலியர்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஸ்லைடைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்களுக்கு வகுப்பெடுத்தவருக்கும் யாரோ அப்படித்தான் எடுத்திருப்பார்கள்.

பாடம் தெரிந்தால் போதாது. இருமலோடு வரும் குழந்தையை எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50 மூச்சு, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40; அந்த எண்ணைத் தொட்டாலே வேக மூச்சு, நிமோனியாவாக இருக்கலாம். இதை வகுப்பில் கேட்டால் அத்தனை பேரும் ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் அழுகிற குழந்தையை அம்மா மடியிலேயே அமைதிப்படுத்தி, சட்டையை விலக்கி, முழு ஒரு நிமிடம் எண்ணுவது வேறு வேலை. கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காதே, கணக்கு தப்பிவிடும். இங்கே பயிற்றுநர் பேச்சை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து தானும் எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் மறுபடி.

டேவிட் வெர்னரும் பில் போவரும் 1982இல் வெளியிட்ட, மெக்சிகோ மலைக் கிராம அனுபவத்தில் விளைந்த பயிற்சிக் கையேட்டில் ஒரு சுரைக்குடுவைக் குழந்தை உண்டு. குடுவையின் மேல்பக்கத்தை வெட்டி, நீர் நிரப்பி, ஈரத் துணியால் மூடுவார்கள். கீழே உள்ள ஓட்டையின் அடைப்பை எடுத்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. நீர் இறங்க இறங்கத் துணி உள்ளே குழியும். உச்சிக்குழி ஏன் குழிகிறது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டாம், பார்ப்பவரே சொல்லிவிடுவார். எனக்கு மிகவும் பிடித்த பாடக் கருவி இது. செலவும் கிடையாது.

பயிற்றுநருக்கான பயிற்சியும் இப்படித்தான் இருக்க வேண்டும். நீங்கள் கால் மணி நேரம் நிஜமான பணியாளர்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும், ஒருவர் பார்த்துக் குறை சொல்ல வேண்டும், மறுநாள் அதையே திருத்தி நடத்த வேண்டும். ஐந்து நாளில் மூன்று நாளை இதற்கே ஒதுக்கலாம்.

1978இல் அல்மா-ஆட்டா நகரில் நடந்த ஆரம்ப சுகாதாரத்துக்கான சர்வதேச மாநாட்டின் பிரகடனம் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு ஆரம்ப சுகாதாரத்தில் ஓர் இடம் கொடுத்தது. நிறையப் பேருக்குச் சீக்கிரம் பயிற்சி தர வேண்டுமென்றால் படிப்படியாக இறக்கும் முறைதான் கைக்கு வரும்: ஒருவர் பத்துப் பேருக்கு, அந்தப் பத்துப் பேர் நூறு பேருக்கு. அதில் படிக்குப் படி முதலில் உதிர்வது செய்முறைதான். ஸ்லைடு மட்டும் பத்திரமாகக் கடைசிவரை போய்ச் சேர்ந்துவிடும்.

சரி, உங்கள் கையில் இருப்பது உங்கள் வகுப்பு. முதல் நாளே ஒரு குழந்தையையும் அம்மாவையும் வரவழைத்து எல்லோரையும் எண்ணச் சொல்லுங்கள். வருகிற எண்களை அப்படியே பலகையில் எழுதுங்கள். எவ்வளவு வித்தியாசம் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்