கன்னியாவைப் பார்த்த மகனுக்குக் கம்சத்கா ஆசை

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகன் ரஷ்யாவின் கம்சத்காவில் இருக்கும் கொதிநீர்ப் பள்ளத்தாக்கைப் பற்றியே பேசுகிறான். அங்கே போகலாமா? நம் மலையகத்தில் ஏன் அப்படி ஒன்று இல்லை?
- ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: போகலாம் தங்கச்சி, ஆனால் பஸ்ஸும் இல்லை, ரோட்டும் இல்லை. குரோனோத்ஸ்கி இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கும் அந்த இடத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் ஹெலிகொப்டரில்தான் போகிறார்கள், செலவு மிக அதிகம். 1941இல் தத்தியானா உஸ்தினோவா என்ற பெண் புவியியலாளர் கண்டுபிடிக்கும்வரை வெளியுலகுக்கே அது தெரியாது, எனக்கு இதுதான் பெரிய வியப்பு!

அங்கே எரிமலைச் சூடு நிலத்துக்குக் கிட்டவே இருக்கிறது. ஒடுக்கமான பாறைக் குழாயில் மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் அழுத்துவதால் அடித்தண்ணீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் கிடந்து, கடைசியில் ஆவியாகும்போது முழுவதையும் வானத்துக்குத் தூக்கி எறிகிறது. 2007 ஜூனில் பெரிய மண்சரிவு வந்து பல ஊற்றுகளை மூடிவிட்டது. மண்சரிவு என்றால் என்னவென்று நமக்குச் சொல்லித் தரவேண்டுமா?

மலையகம் மிகப் பழைய பாறை, இங்கே எரிமலை இல்லை. கன்னியாவில் மழைத்தண்ணீர் வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கிப் பூமிச் சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான். அப்புறம், மகன் எப்போதாவது போனால் மரப்பலகைப் பாதையை விட்டு இறங்கவே கூடாது, அங்கே மேல்மண் மெல்லிசு, கீழே கொதிக்கும் சேறு.