மகன் பேஸ்பால் மைனர் லீகில் கலக்குகிறான், முன்பணம் வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களை எடுக்கும் தேர்வில்) தேர்வாகி, மைனர் லீகின் கீழ்ப்படியான சிங்கிள்-ஏ அணியில் ஸ்டார்ட்டிங் பிட்சராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளராக இருக்கிறான். இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுக்கும் ரன்) 2-க்கும் கீழே. ஒரு நிறுவனம் இப்போதே மூன்று லட்சம் டாலர் தருகிறதாம். மேஜர் லீகுக்குப் போனால் சம்பளத்தில் 8 சதவீதம் கடைசிவரை கொடுக்க வேண்டும், போகாவிட்டால் திருப்பித் தர வேண்டாம் என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?
– ஒரு தாய், டெக்சாஸ்

பதில்: போட வேண்டாம் அம்மா. "திருப்பித் தர வேண்டாம்" என்பதுதான் தூண்டில் புழு. உங்கள் பையன் மேலே போவான் என்று கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கிறார்கள். இன்று நட்சத்திர ஆட்டக்காரரான ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர் மைனர் லீகில் இருந்தபோது, 18 வயதில் இப்படித்தான் கையெழுத்துப் போட்டார். பங்கு 10 சதவீதம் என்று செய்தி. 2021இல் சான் டியாகோ அணி அவருக்கு 14 வருடங்களுக்கு 34 கோடி டாலர் கொடுத்தது. அதில் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்று பாருங்கள். 2025இல் அவர் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. வரியும் ஏஜென்ட் கமிஷனும் கழிவதற்கு முந்தைய தொகையில் சதவீதமா, கைக்கு வருவதிலா என்பதை இந்த ஆட்கள் வாயால் சொல்லவே மாட்டார்கள்.

பையன்கள் மயங்குவதில் தப்பில்லை. சிங்கிள்-ஏ சம்பளம் 2023 வரை வருடத்துக்கு 11,000 டாலர். யூனியன் போராடிய பிறகுதான் 26,200 ஆனது. மேஜர் லீகிலோ குறைந்தபட்சமே 2025இல் 7,60,000. பட்டினி போட்டு வளர்ப்பது அணிகள், அந்தப் பசியைக் காசாக்குவது தரகர்கள். இத்தனை வருடமாக இதை யாரும் தடுக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

அந்த இ.ஆர்.ஏ.வை வைத்தும் முடிவெடுக்காதீர்கள். சிங்கிள்-ஏ பேட்டர்கள் வெளியே விழும் ஸ்லைடரையும் (பக்கவாட்டில் வளையும் பந்து) துரத்தி அடிக்கப் போவார்கள். அதற்கு மேல்படியான டபுள்-ஏவில் பேட்டர்கள் அதை அடிக்காமல் விட்டுவிடுவார்கள். அங்கே ஒரே ஆட்டத்தில் அதே பேட்டர் மூன்றாவது முறை வரும்போது அவனுக்குக் காட்ட இன்னொரு வகைப் பந்து வேண்டும், பெரும்பாலும் சேஞ்ச்-அப் (வேகப்பந்து போலத் தெரிந்து மெதுவாக வருவது). அது இல்லாத பிட்சரை ரிலீவராக, அதாவது பாதியில் இறங்கிக் கொஞ்ச நேரம் மட்டும் வீசுபவராக மாற்றிவிடுவார்கள். உங்கள் மகன் எத்தனை பேரைப் பந்தை அடிக்கவிடாமலே ஸ்ட்ரைக்-அவுட் செய்கிறான், எத்தனை பேருக்கு வாக் (தவறான பந்துகளால் இலவசமாக முதல் தளம்) கொடுக்கிறான் என்பதைப் பாருங்கள்.

"பிட்சர் பால் ஸ்கீன்ஸ் ஒரே வருடத்தில் மேஜர் லீகுக்குப் போகவில்லையா?" என்று அந்த நிறுவனத்தார் கேட்பார்கள். போனார். 2023இல் முதல் ஆளாகத் தேர்வாகி, மைனர் லீகில் மொத்தமே 34 இன்னிங்ஸ் வீசி, 2024 மே 11 அன்று பிட்ஸ்பர்க்குக்காக இறங்கினார். ஆனால் அவர் கல்லூரியிலேயே மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டவர். அவருக்கே அந்த வருட ஆரம்பத்தில் மைனர் லீகில் ஆட்டத்துக்கு மூன்று இன்னிங்ஸ்தான் கொடுத்தார்கள். சீசன் தொடங்கிப் பல வாரம் கழித்துக் கூப்பிட்டதால் முழு வருடச் சர்வீஸ் கணக்கு (மேஜர் லீகில் இருந்த நாட்களின் கணக்கு, சம்பள உரிமைகள் இதை வைத்துத்தான்) வராமல் போயிருக்கும். சிறந்த புதுமுகம் விருது வென்றதால்தான் கிடைத்தது. விருது வாங்காத பையன்களின் கதி என்ன? ஆக, ஸ்கீன்ஸை அளவுகோலாக வைக்காதீர்கள். அவரைப் போலவே 2013இல் முதல் ஆளாகத் தேர்வான மார்க் அப்பெல் மேஜர் லீகில் கால் வைத்தது 2022இல்.

இன்னொன்று. குளிர்காலத்தில் "பந்து வேகத்தை நாலு மைல் ஏற்றித் தருகிறோம்" என்று பயிற்சி முகாம்காரர்களும் வருவார்கள். முழு பலத்தோடு வேகத்தைத் துரத்துவதே காயங்களுக்குப் பெரிய காரணம் என்று 2024 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகமே அறிக்கை விட்டது. முழங்கைத் தசைநார் அறுந்து, அதை மாற்றும் டாமி ஜான் ஆபரேஷன் ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில்தான்.

2022 முதல் மைனர் லீக் ஆட்டக்காரர்களும் மேஜர் லீக் ஆட்டக்காரர் யூனியனில் உறுப்பினர்கள். அந்த ஒப்பந்தக் காகிதத்தை அங்கே அனுப்பிக் கருத்துக் கேட்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் என்று யார் வந்தாலும் யூனியன் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.