எல்.கே.ஜி.யா, சிறப்புப் பள்ளியா? அதற்கு முன் ஒரு தாள்

கேள்வி: எங்கள் பையனுக்கு மூன்று வயது நாலு மாதம். ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எது வேண்டுமென்றாலும் என் கையைப் பிடித்து இழுத்துப் போவான். ஈரோட்டில் குழந்தை மருத்துவர், வளர்ச்சித் தாமதம், ஆட்டிசத்தின் அறிகுறிகளும் இருக்கின்றன என்றார். மாமியார், “இவங்கப்பனே நாலு வயசுலதான் பேசுனான், எதுக்கு இப்படி அலையறே கண்ணு” என்கிறார். தெரபி சென்டரில் ஆறு மாதப் பணத்தை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். நர்சரிப் பள்ளியில், ஷேடோ டீச்சரை, அதாவது வகுப்பில் இவன் கூடவே இருக்கும் தனி டீச்சரை, எங்கள் செலவில் போட்டால்தான் ஜூனில் எல்.கே.ஜி. என்கிறார்கள். வீட்டோடு விசைத்தறி, வீட்டுக்காரருக்கு ராத்திரி ஷிப்ட். எங்கிருந்து தொடங்குவதுங்க?
– ஒரு தாய், சென்னிமலை அருகே

பதில்: முதலில் காது. பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் கேட்கும் திறன் பரிசோதனை முடியாமல் மற்ற எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் இது இன்னும் முக்கியம். தறிச் சத்தத்துக்கு நடுவே கூப்பிட்டுத் திரும்பவில்லை என்றால், அது காதா, கவனமா, சத்தமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஓ.ஏ.இ., பெரா என்று இரண்டு காது பரிசோதனைகள் உண்டு. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். பாதிப் பேர் திரும்பி வருவது இங்கேதான்: பஸ்ஸில் நன்றாகத் தூங்கிவிட்டு, ஆஸ்பத்திரியில் கொட்டக் கொட்ட விழித்திருப்பான். அன்று விடியற்காலையிலேயே எழுப்புங்கள், வழியில் தூங்கவிடாதீர்கள், பால், சாப்பாடு எப்போது கொடுக்கலாம் என்று அங்கே முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, உளவியலாளர் எல்லாம் ஒரே இடத்தில், கட்டணமில்லாமல் கிடைப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது. அங்கன்வாடிகளுக்கு வருடம் இருமுறை வரும் ஆர்.பி.எஸ்.கே. (அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு அதற்குப் பரிந்துரைச் சீட்டு எழுதும். அவர்கள் வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அந்தக் குழுவை நீங்களே போய்ப் பாருங்கள்.

மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். தாமதமாகப் பேசி எல்லோரையும் போல வளர்ந்த பிள்ளைகள் நிறைய. ஆனால் அப்படிப்பட்ட பிள்ளை பேச்சு வரும் முன்பே விரலை நீட்டிக் காட்டும், பொம்மையைக் கொண்டுவந்து உங்கள் முகத்தைப் பார்க்கும், கூப்பிட்டால் திரும்பும். பேச்சோடு இவையும் இல்லாததால்தான் மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாமியார் சொன்னதே சரியாக இருந்தாலும், பயிற்சி கொடுத்ததால் பையனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது தலைப்பில் சொன்ன தாளுக்கு வருவோம், பையனுக்கு எதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எழுதி வைக்கும் தாள். சிறப்புக் கல்வியில் இதைத் தனிநபர் கல்வித் திட்டம், சுருக்கமாக ஐ.இ.பி. என்பார்கள். பள்ளியில் சேர்ந்த பிறகு வருவது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் பள்ளி தேடினால், பள்ளிக்கு எது வசதியோ அதுவே திட்டமாகிவிடும். தாளில் ஐந்து விஷயம் இருந்தால் போதும்: இன்று என்ன செய்கிறான், மூன்று மாதத்தில் என்ன செய்ய வேண்டும், யார் எப்போது சொல்லிக்கொடுப்பது, என்ன உதவி வேண்டும், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்பது.

குலைவது இரண்டாவதில்தான். ‘பேச்சுத்திறனை மேம்படுத்துதல்’ என்று எழுதித் தருவார்கள். அது நடந்ததா என்று யாருமே சொல்ல முடியாது, பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். உங்கள் பையனுக்கு இப்படி எழுதலாம்: ‘இப்போது கையைப் பிடித்துத் தண்ணீர்க் குடத்துக்கு இழுக்கிறான். மூன்று மாதத்தில், சாப்பிடும்போது தண்ணீரோ இன்னொரு வாய் அரிசிம்பருப்புச் சோறோ வேண்டுமென்றால், வார்த்தையாலோ சைகையாலோ பட அட்டையாலோ கேட்பான். பத்துத் தடவையில் ஏழு தடவை, தொடர்ந்து மூன்று நாள், அம்மாவிடமும் அங்கன்வாடி டீச்சரிடமும்.’ இதே மாதிரி, அமைதியான இடத்தில் பேர் சொன்னால் திரும்புவது, பாட்டு நேரத்தில் ஐந்து நிமிடம் மற்ற பிள்ளைகளோடு உட்காருவது, ஒன்றுக்கு வருகிறது என்று காட்டுவது. நான்கு இலக்குக்கு மேல் வேண்டாம். எண்ணிக்கையைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் குறித்தால் போதும்.

பட அட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அட்டை பேச்சைத் தடுப்பதில்லை. கேட்டால் கிடைக்கும் என்று பிள்ளைக்குப் புரிய வைக்கிறது. வீட்டில் இங்கிலீஷில் மட்டும் பேசுங்கள் என்ற அறிவுரையையும் ஒதுக்குங்கள். தமிழோ, தேவாங்கர் வீடுகளில் பேசும் கன்னடமோ, வீட்டில் எது ஓடுகிறதோ அதிலேயே பேசுங்கள். முதலில் தேவைப்படும் வார்த்தைகள் ‘தண்ணி’யும் ‘போதும்’உம், ஆப்பிள் படம் அப்புறம் வரட்டும்.

தெரபி சென்டருக்கு ஆறு மாதப் பணம் கட்டாதீர்கள். மாதத்துக்கு மாதம் கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வியாளர், மருத்துவ உளவியலாளர் மூவருக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) அந்தக் கவுன்சிலில் வரமாட்டார், அவரிடம் பட்டச் சான்றிதழைக் கேளுங்கள். எல்லாவற்றையும்விட, பயிற்சி நடக்கும்போது நீங்கள் உள்ளே உட்காரலாமா என்று கேளுங்கள். வாரம் இரண்டு தடவை முக்கால் மணி நேரம் வெளியாள் சொல்லிக்கொடுப்பது மட்டும் போதாது. அதைப் பார்த்து நீங்கள் வீட்டில் தினமும் செய்வதில்தான் பலன். பெற்றோர் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும், காரணம் கேட்கக்கூடாது என்றால் வேறு இடம் பாருங்கள். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது ஆசை காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை அல்ல.

வீட்டுப் பயிற்சிக்கு, தறி நிற்கும் நேரமாகப் பார்த்துக் காலையும் மாலையும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பொம்மை வாங்க வேண்டியதில்லை. காலி நூல் கோன்களை ஒவ்வொன்றாகக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பார்க்கும்வரையோ கேட்கும்வரையோ கொடுக்காமல் ஐந்து வினாடி காத்திருங்கள். அந்த ஐந்து வினாடிதான் பாடம். நாம் பெரும்பாலும் அவன் கேட்பதற்குள் கொடுத்துவிடுகிறோம்.

பள்ளி விஷயத்தில் எங்கள் கருத்து: இப்போதே ஊர் அங்கன்வாடியில் விடுங்கள், ஆரம்பத்தில் தினம் ஒரு மணி நேரம் போதும். கூடவே சென்னிமலை வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அவர்கள் பள்ளிப் பிள்ளைகளை மட்டும் பார்ப்பவர்கள் அல்ல; பள்ளி வயது வராத பிள்ளைகளும் அவர்கள் பதிவேட்டில் வருவார்கள். உங்கள் தாளை அவரிடம் காட்டித் திருத்தி வாங்குங்கள். கூட்டத்தில் அவன் பாதுகாப்பாக இருக்கவே முடியவில்லை என்றால் மட்டும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களைப் பார்க்கலாம். அவை 6 வயது வரைக்கும். பட்டியல், கலெக்டர் ஆபீஸில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

நர்சரிப் பள்ளி கேட்பது சரியல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 16, அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல பள்ளிகள் அங்கேயே இறங்கி வரும். இல்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ஆனால் மனு போட்டு வாங்கிய இடத்தில் பையனைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று தோன்றினால், அந்தப் பள்ளியை விடுவதே புத்திசாலித்தனம். ஷேடோ டீச்சரிலும் கவனம் தேவை. எல்லாவற்றையும் அவரே செய்துவிட்டால் வகுப்பு டீச்சர் அவன் பேரைக்கூடச் சொல்ல மாட்டார். வகுப்புக்கு ஒரு கூடுதல் உதவியாளர் என்று கேட்டுப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேலையையும் இப்போதே தொடங்குங்கள். தெரபிக்கோ அங்கன்வாடிக்கோ அது வேண்டியதில்லை. ஆனால் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் வருகிறார்கள்; அந்த விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் வேண்டும், அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் கைக்கு வந்து சேராது. முதலில் குழந்தைக்கு ஆதார். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பேரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். இதனாலேயே விண்ணப்பம் திரும்பலாம். பிறகு இ-சேவை மையத்தில் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பதிவு செய்து, அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழுவின் முன் காட்ட வேண்டும். உளவியலாளர் வரும் கிழமையைப் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். காது பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்திருங்கள்.

5 வயதுக்குள் தருவது தற்காலிகச் சான்றிதழ்தான், 5 வயதில் திரும்ப மதிப்பிடுவார்கள். ஆகவே அதைத் தலையெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அரசு உதவிகளுக்கு வழி திறக்கும். ஆட்டிசம் என்று சான்று கிடைத்தால், நிராமயா என்ற மத்திய அரசுக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும். தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

நீங்கள் எழுதாத ஒன்று. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குத் தறிக்கூடமும் திறந்த கிணறும் வாய்க்காலும் மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு ஆபத்து. இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்குத் தண்ணீர் பிடிக்கும், சொல்லாமல் நடந்து போவதும் உண்டு. தறிக்கூடக் கதவுக்கு அவன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் போடுங்கள். கிணற்றுக்குக் கம்பி வலை போடுங்கள். கையில் உங்கள் போன் நம்பர் எழுதிய வளையம் கட்டுங்கள். இரவு ஷிப்டுக்குப் போன அப்பா பகலில் தூங்கும் நேரத்தில் பையனைப் பார்ப்பது யார் என்பதையும் அந்தத் தாளிலேயே பேர் போட்டு எழுதிவிடுங்கள்.