எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சு, பெட் ஸ்கேன் வேறு எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. 24 என்று வந்ததால் எம்.ஆர்.ஐ., பயாப்ஸி இரண்டும் எடுத்தோம். புராஸ்டேட் புற்றுநோய், கிளீசன் 4+4 என்று ரிப்போர்ட். இப்போது பி.எஸ்.எம்.ஏ. பெட்-சி.டி. என்று இன்னொரு ஸ்கேன் கேட்கிறார்கள். செலவு அதிகம். இருக்கிற படத்தை வைத்தே சிகிச்சையைத் தொடங்க முடியாதா? ஹார்மோன் ஊசியையாவது உடனே போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா.
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: எந்த ஸ்கேன் எழுதித் தந்தாலும் டாக்டரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள்: "ரிசல்ட் எப்படி வந்தாலும் இதே வைத்தியம்தானா?" ஆமாம் என்றால் அந்த ஸ்கேன் அநேகமாகத் தேவையில்லை. உங்கள் அப்பாவுக்கு அப்படியில்லை. பி.எஸ்.ஏ. 24, கிளீசன் (பயாப்ஸியில் பார்த்துப் போடும் புற்றுநோயின் வீரிய மதிப்பெண்) 4+4, அதாவது 8 என்றால் நோய் புராஸ்டேட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. தாண்டவில்லை என்றால் ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சு. இடுப்பு நெறிகட்டிகளுக்கு (நிணநீர் முடிச்சுகளுக்கு) போயிருந்தால் கதிர்வீச்சின் எல்லை விரியும். எலும்பில் பல இடங்களில் இருந்தால் ஆபரேஷன் பேச்சையே விட்டுவிட்டு மருந்துகளை முன்னால் கொண்டுவருவோம். அதனால் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

எம்.ஆர்.ஐ. பார்ப்பது உருவத்தை. கட்டி சுரப்பியின் உறையைக் கிழித்திருக்கிறதா, விந்துப்பையைத் தொட்டிருக்கிறதா என்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நெறிகட்டியை அது பெரும்பாலும் அளவை வைத்துத்தான் எடைபோடும். 4, 5 மில்லிமீட்டர் நெறிகட்டிக்குள் புற்றுநோய் உட்கார்ந்திருந்தால் தப்பிவிடும். பெட் ஸ்கேன் உருவத்தைத் தேடுவதில்லை. புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேல் மிகுதியாக இருக்கும் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தில் கதிரியக்கப் பொருளைக் கட்டி அனுப்புகிறோம். ஒட்டிய இடம் ஒளிரும். ஆஸ்திரேலியாவில் உங்கள் அப்பாவைப் போன்ற 302 பேரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியானது. சி.டி.யும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து நோய்ப் பரவலைச் சரியாகச் சொன்னது 65 சதவீதம், பி.எஸ்.எம்.ஏ. பெட்-சி.டி. 92 சதவீதம்.

அப்படியானால் பெட் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. காலியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் மூத்திரப்பை விளக்குப் போட்ட மாதிரி எரியும். அதை ஒட்டியே இருக்கும் புராஸ்டேட்டின் மேல்பகுதி அந்த வெளிச்சத்தில் மங்கிப்போகலாம். அங்கே எம்.ஆர்.ஐ.தான் கைகொடுக்கும். அதேபோல விலா எலும்பில் பழைய முறிவு இருந்தாலும் பெட்டில் லேசாக ஒளிரும். கூடவே எடுக்கிற சி.டி.யைப் பார்த்தால் பயப்பட வேண்டியதில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். 'விலாவில் ஒளிர்வு' என்ற ஒரே வரியைப் படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் வருகிறவர்கள் உண்டு. ரிப்போர்ட்டைத் தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள்.

அப்புறம், இந்தப் படங்கள் கதிர்வீச்சு மேஜைக்கும் வரும். 'கரண்ட் வைப்பது' என்று ஊரில் சொல்கிறோமே, அதைத் திட்டமிடும்போது எம்.ஆர்.ஐ.யை, அந்தத் திட்டத்துக்காக எடுக்கும் சி.டி.யின் மேல் கணினியில் பொருத்தி, கட்டி இருக்கும் இடத்துக்கு மட்டும் கூடுதல் அளவு கொடுக்க முடியும். நெதர்லாந்து, பெல்ஜியத்தில் 571 பேரிடம் செய்த ஆய்வில் சுரப்பி முழுவதற்கும் 77 கிரே (கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் அலகு), கட்டிக்கு மட்டும் 95 கிரே வரை கொடுத்தார்கள். 5 ஆண்டுகளில் நோய் திரும்பாதவர்கள் 85-இலிருந்து 92 சதவீதமாக உயர்ந்தார்கள். பக்கவிளைவு குறிப்பிடும்படி கூடவில்லை. இதில் ஒரு சிக்கல் உண்டு. மூத்திரப்பையும் மலக்குடலும் நிறைந்திருப்பதைப் பொறுத்து புராஸ்டேட் சில மில்லிமீட்டர் நகரும். அதனால் கணினி பொருத்தியதை மனிதக் கண் சரிபார்த்தே ஆக வேண்டும். சிகிச்சை நாட்களில் "தண்ணீர் குடித்துவிட்டு வாங்க, மோஷன் போய்விட்டு வாங்க" என்று நச்சரிப்பார்கள், காரணம் இதுதான்.

சித்தப்பா சொன்ன ஊசி கொஞ்சம் பொறுக்கட்டும். ஹார்மோன் சிகிச்சை பி.எஸ்.எம்.ஏ. ஒளிர்வை மாற்றிவிடும், சின்னப் புள்ளிகள் மறையலாம். ஸ்கேனை முடித்துவிட்டு முதல் ஊசி போடுவதே நல்லது. ஓரிரு வாரத்தில் பொதுவாக எதுவும் கெட்டுவிடாது. ஆனால் கடுமையான முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

செலவைப் பற்றி: இந்தப் பெட் எடுத்தால் தனியாக எலும்பு ஸ்கேன் பெரும்பாலும் வேண்டியிருக்காது; இரண்டும் எழுதியிருந்தால் கேளுங்கள். காப்பீட்டில் வருமா என்றும் மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். செல்கள் சர்க்கரையை உறிஞ்சுவதைப் பார்க்கும் சாதாரண பெட்டைப் போல இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நிறையத் தண்ணீர் குடிக்கட்டும். காலியத்தின் வீரியம் 68 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பதால் அன்று ராத்திரியே பேரப்பிள்ளையைத் தூக்கலாம். போகும்போது பழைய எம்.ஆர்.ஐ.யின் ரிப்போர்ட்டோடு படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். படம் இல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் வைத்து எதையும் பொருத்திப் பார்க்க முடியாது.