அப்பாவுக்கு அக்கி: குழந்தையைத் தூக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. வலப்பக்க விலாவில் சில நாள் எரிச்சல் இருந்து, நேற்று கொத்துக்கொத்தாகக் கொப்புளம் போட்டுவிட்டது. அக்கி என்று சொல்லி டாக்டர் அசைக்ளோவிர் மாத்திரை எழுதியிருக்கிறார். உறவினர்களோ குயவரிடம் போய் அக்கி எழுதினால் போதும் என்கிறார்கள். வீட்டில் 8 மாதக் குழந்தை இருக்கிறது. இது யாரிடமிருந்து தொற்றியது? குழந்தைக்கும் வருமா?

பதில்: இப்போது யாரிடமிருந்தும் தொற்றவில்லை. சிறுவயதில் அவருக்குச் சின்னம்மை வந்திருக்கும். அதை உண்டாக்கிய வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ், அம்மை இறங்கிய பிறகும் உடலைவிட்டுப் போகாது. முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடும். வைரஸ் தானாகப் பெருக முடியாது. நம் செல்லுக்குள் நுழைந்து, அதன் கருவிகளைக் கொண்டுதான் தன்னைப் பிரதியெடுத்தாக வேண்டும். நரம்பு செல்லில் அந்த வேலையை நிறுத்திவிட்டுப் பல ஆண்டுகள் சும்மா கிடக்கும். வயதாகி நோய் எதிர்ப்பு தளரும்போது ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பு வழியே தோலுக்கு இறங்கும். கொப்புளத்துக்கு முன்பே எரிவதும், ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கிளம்புவதும் அதனால்தான். 1965-ல் இதை விளக்கியவர் எட்கர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தின் சைரன்செஸ்டரில் சாதாரணக் குடும்ப மருத்துவர்!

குழந்தைக்கு அக்கியாக ஒட்டாது, சின்னம்மையாக ஒட்டலாம். கொப்புள நீரில் வைரஸ் இருக்கிறது. எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அப்பா குழந்தையைத் தூக்க வேண்டாம். கொப்புளத்தைத் துணியால் மூடி வையுங்கள், துண்டு தனியாக இருக்கட்டும். சின்னம்மை வராத, தடுப்பூசியும் போடாத கர்ப்பிணி வீட்டில் இருந்தால் அவரும் விலகியிருக்க வேண்டும். ஏற்கெனவே தூக்கிக் கொஞ்சியிருந்தால் குழந்தை மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். 21 நாள்வரை கவனியுங்கள்.

அக்கி எழுதுவது என்றால் கொப்புளத்தின் மேல் காவி பூசுவதுதான். பூசினால் குளுகுளுவென்று இருக்கலாம். நரம்புக்குள் இருக்கும் வைரஸை அது எட்டாது. உடைந்த கொப்புளத்தில் வேறு கிருமி புகவும் வழியாகும். கொப்புளம் பெரும்பாலும் சில வாரத்தில் தானே ஆறிவிடும், நல்ல பெயர் காவிக்குப் போய்விடும்.

அசைக்ளோவிர் கெட்டிக்கார மருந்து. வைரஸின் சொந்த நொதியே அதை முடுக்கிவிடும்; முடுக்கிய மருந்து வைரஸ் பிரதியெடுப்பதைத் தடுக்கும். எடுத்து முடித்த பிரதிகளை அது அழிக்காது. எனவே கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. நேற்றுதானே கிளம்பியது, இன்றே ஆரம்பியுங்கள். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அளவை மாற்றித் தருவார்.