மட்டியின் பசையால் காயத்தை ஒட்டலாமா?

திருகோணமலை சீனன்குடாவில் கல்லோடு ஒட்டிக்கிடக்கும் பச்சை மட்டியின் பசையால், தையல் போடாமல் காயத்தை மூடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எலிகளில் ஒட்டிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மட்டியிலிருந்து எடுத்துக் கட்டாது. ஒரு கிராம் பசைப் புரதத்துக்கு ஏறத்தாழ 10,000 மட்டி வேண்டும். அதனால் பக்டீரியாவில் புரதத்தை உண்டாக்கி, அதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தை நொதியத்தால் டோபா என்ற, ஒட்டும் தன்மையுள்ள அமினோ அமிலமாக மாற்றுகிறார்கள்.

மட்டியைப் பிய்த்துப் பாருங்கள். அது கல்லைப் பற்ற விடும் ஒவ்வொரு நூலின் நுனியிலும் 2–3 மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு தட்டு இருக்கும், ஒட்டுவது அதுதான். பசையிலுள்ள லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம், கல்லின் மேலுள்ள உப்பு அயன்களை விலக்கிக் கொடுக்க, டோபா பற்றிக்கொள்கிறது.

சிக்கலும் டோபாவில்தான். கடல்நீரின் பிஎச் (அமில, கார அளவு) 8 அளவில் அது ஒட்சியேறிக் குயினோன் என்ற வேறு பொருளாகிவிடும். குயினோன் பசையை உள்ளுக்குள் இறுக்கும், மேற்பரப்பைச் சரியாகப் பற்றாது. மட்டியோ பிஎச் 5 அளவு அமிலத்தில் சுரந்து, ஒட்டிய பிறகே இறுகவிடுகிறது. எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! ஆய்வுகூடத்தில் இந்த ஒழுங்கு தப்பினால் பசை கபிலமாகி உரிந்துவரும். ஆகவே அமிலக் கரைசலில் வைத்திருந்து, இரத்தத்தை ஒற்றியெடுத்துவிட்டு, பூசும் நேரத்தில்தான் இறுக்கியைக் கலக்க வேண்டும்.

வெட்டுக்காயத்துக்குக் கடையில் விற்கும் சூப்பர் குளூவைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அது இறுகும்போது சூடேறித் திசுவைப் புண்ணாக்கும்.