மார்பு தளர்ந்தால் பால் குறைந்துவிட்டது என்று பொருளா?

அன்புச் சகோதரிக்கு,

மூன்று வாரக் குழந்தை மாலையானால் அரை மணிக்கொரு முறை பாலுக்கு அழுவதாகவும், மார்பு முன்போல் கனக்காமல் தளர்ந்திருப்பதாகவும், பால் எடுக்கும் பம்பில் 30 மி.லி. கூட வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவை பால் வற்றியதற்கான அடையாளங்கள் அல்ல. தொடக்க நாள்களின் வீக்கம் வடிந்து, குழந்தையின் தேவைக்கேற்பச் சுரப்பு சீரடையும்போது மார்பு மென்மையாவது இயல்பே. மாலையில் அடுத்தடுத்துப் பால் கேட்பதும் இந்த வயதில் வழக்கமானதுதான். பம்பை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள், குழந்தை உறிஞ்சுவதுபோல் அது உறிஞ்சுவதில்லை.

பார்க்க வேண்டியவை வேறு: நாளொன்றுக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, பிறந்தபோதிருந்த எடையை எட்டி, அதன்பின் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை கூடி வருகிறதா என்பவையே.

காம்பு வலிப்பதாகவும் சொல்கிறீர்கள். என் கணிப்பில் கவனிக்க வேண்டியது அதுதான்; குழந்தை மார்பைச் சரியாகப் பற்றாததால் அது வரக்கூடும். குழந்தையின் வயிறு உங்கள் உடலோடு ஒட்டியிருக்க, அதன் மூக்குக்கு நேரே காம்பை வைத்து, வாயை அகலத் திறக்கும் வரை பொறுத்திருந்து அணைத்துக்கொள்ளுங்கள். முகவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, காம்பைச் சுற்றிய கருவட்டம் கீழ்ப்பக்கம் பெரிதும் வாய்க்குள் போயிருக்க வேண்டும். வலி நீடித்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து, மீண்டும் பொருத்துங்கள்.

புட்டிப்பால் கொடுக்கச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தேவையின்றிக் கொடுத்தால் குழந்தை மார்பில் குடிப்பது குறைந்து, சுரப்பும் குறையும். எடை கூடாமலோ, சிறுநீர் குறைந்தோ, குழந்தை பாலுக்கு விழிக்காமல் சோர்ந்தோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களுக்குக் காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தாலும் அவ்வாறே செய்யுங்கள். அப்போதும் பொதுவாகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.